‘பயப்படாதீங்க, கடிக்காது!’: நாயோட ரிசார்ட் போறீங்களா? மாரியூர் கடற்கரையில் என்ன சிக்கல்?

கடற்கரையில் நடந்து போறீங்க. எதிரில் ஒரு லாப்ரடார் வேகமா ஓடி வருது. கயிறு இல்லை. கூட வந்த குழந்தை அலறுது. இருபது அடி பின்னால் இருந்து உரிமையாளர் சிரிச்சுக்கிட்டே சொல்றார்: “பயப்படாதீங்க, கடிக்காது!”

விடுமுறை ரிசார்ட்டுகளில் நாய்களை அனுமதிக்கலாமா என்ற சண்டை பெரும்பாலும் இந்த ஒரு வரியில்தான் தொடங்குது. கடிக்குமா, கடிக்காதா என்பது நாயை வளர்ப்பவருக்குத் தெரியும். எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. அந்த வித்தியாசம் சில பேருக்குப் புரியவே மாட்டேங்குது.

‘செல்லப்பிராணிகளுக்கு அனுமதி உண்டு’ என்று விளம்பரம் செய்யும் விடுதிகள் இப்போது கோவா, ஊட்டி, கொடைக்கானலோடு நிற்கவில்லை. விமானத்திலும் கதவு திறந்திருக்கிறது. ஆகாசா ஏர் 2022 நவம்பரில் சிறிய நாய், பூனைகளைப் பயணிகள் கேபினிலேயே கொண்டுவர அனுமதித்தது. ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் முழு கூபே எடுத்தால் நாயைக் கூட வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டிதான். அதனால் தென் மாவட்டக் கடற்கரைகளுக்கு நாயோடு வருபவர்கள் பெரும்பாலும் சொந்தக் காரில், கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத்தான் வருகிறார்கள்.

2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. ராமேஸ்வரம் என்றால் கோயில், தனுஷ்கோடி, அப்துல் கலாம் நினைவிடம் என்று ஒரே நாளில் திரும்பியது ஒரு காலம். இப்போது தங்கி, கடல் பார்த்து, மீன் சாப்பிட்டுப் போகும் கூட்டம் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை முழுக்கப் பரவுகிறது. அந்த வரிசையில் இன்னும் கூட்டம் அதிகம் கண்டுகொள்ளாத ஊர்களில் ஒன்று, சாயல்குடி அருகே உள்ள மாரியூர். இங்கே இந்தப் பிரச்னை எப்படி வேற மாதிரி ஆகுதுன்னு பார்க்கலாம்.

மாரியூர் மணல் யாருடையது?

சுற்றுலாப் பயணிக்கு மாரியூர் என்றால் ஆளில்லாத நீளமான மணல், பூவேந்தியநாதர் கோயில், அவ்வளவுதான். ஊர்க்காரர்களுக்கு அந்த மணல் வேலை செய்யும் இடம். சிவபெருமான் மீனவர் வடிவில் வலை வீசிய திருவிளையாடலோடு சேர்த்துச் சொல்லப்படும் கோயில் இது. சித்திரைத் திருவிழாவில் அந்த வலை வீசும் நிகழ்ச்சியும் நடக்கும். பக்கத்திலேயே தமிழ்நாடு உப்புக் கழகத்தின் மாரியூர்-வாலிநோக்கம் உப்பு வளாகம். ஆடி, தை அமாவாசை நாட்களில் கடலில் நீராடித் தர்ப்பணம் கொடுக்கவும் மக்கள் வருவார்கள்.

ஆக, ஒரே மணல். வலை காயும், கருவாடு காயும், பிண்டம் வைக்கப்படும், குழந்தை விளையாடும். அங்கே ஒரு நாய் அவிழ்த்துவிடப்பட்டால் என்ன ஆகும்? காயப்போட்ட மீன் மேல் காலைத் தூக்கினால் அந்த மீனை யார் வாங்குவார்கள்? அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் முன்னால் வந்து பிண்டத்தை முகர்ந்தால்? நாய் பைரவர் வாகனம்தான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனா அந்த நேரத்தில் அந்த மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கு. ரிசார்ட் கொடுக்கும் அனுமதி ரிசார்ட் வேலியோடு முடிந்துவிடுகிறது. ‘ப்ரைவேட் பீச்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும் கடலோர மணல் விடுதியின் சொத்து கிடையாது, அது பொது இடம். அறைக்குக் கட்டிய பணத்தில் அந்த மணலில் நாயை அவிழ்த்துவிடும் உரிமை சேராது. விடுதிகள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. ‘உங்கள் செல்லம் கடற்கரையில் துள்ளி விளையாடலாம்’ என்று படம் போட்டுத்தான் அறையை விற்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

முதலில் ஒரு பொதுவான குழப்பம். ‘நாய்க்குத் தடை போடக் கூடாதுன்னு விலங்குகள் நல வாரியமே சொல்லிடுச்சு’ என்று பலர் வாதாடுவார்கள். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அடுக்குமாடிக் குடியிருப்புகள், குடியிருப்போர் சங்கங்களுக்கானது. குடியிருப்பவர் நாய் வளர்ப்பதைச் சங்கம் தடை செய்ய முடியாது என்பதுதான் அதன் சாரம். இரண்டு நாள் தங்கும் விடுதிக்கு அது பொருந்தாது. ஒரு விடுதி நாயை அனுமதிக்கலாம், மறுக்கலாம், எடைக்கு வரம்பு வைக்கலாம், கூடுதல் கட்டணம் கேட்கலாம். அது அவர்கள் முடிவு. ஆனால் சமையல் நடக்கும் இடத்துக்குள் விலங்குகள் வரக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதில் விருப்பத்துக்கு இடமில்லை.

இரண்டாவது குழப்பம், உச்ச நீதிமன்ற உத்தரவுகள் பற்றியது. 2025 ஆகஸ்ட் 11-இல் டெல்லி தெருநாய்களைக் காப்பகத்துக்கு மாற்றச் சொன்ன உத்தரவு, ஆகஸ்ட் 22-இல் மூன்று நீதிபதிகள் அமர்வால் மாற்றப்பட்டது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ரேபிஸ் பாதித்த அல்லது மூர்க்கமான நாய்களை மட்டும் விடக் கூடாது. நவம்பர் 7-இல் பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றிலிருந்து தெருநாய்களை அகற்ற உத்தரவு வந்தது. இவை எல்லாமே தெருநாய் பற்றியவை. வளர்ப்பு நாயோடு சுற்றுலா வருபவரை இவை நேரடியாகத் தொடாது, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. அதைக் கடைசியில் பார்ப்போம்.

வளர்ப்பு நாய்க்குப் பொருந்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு. தன் வசம் உள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘இதுவரைக்கும் யாரையும் கடிச்சதே இல்ல சார்’ என்பது வீட்டுச் சூழலுக்குச் சரி. புது இடம், புது வாசனை, பட்டாசுச் சத்தம், ஊர் நாய்கள் என்று வந்தால் அதே நாய் வேற நாயாகிவிடும்.

சென்னை ஆயிரம் விளக்கு பகுதி மாநகராட்சிப் பூங்காவில் 2024 மே மாதம் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறியது நினைவிருக்கும். அவையும் வீட்டு நாய்கள்தான். அதற்குப் பிறகுதான் சங்கிலி, வாய்மூடி என்று மாநகராட்சி கறார் காட்டத் தொடங்கியது. 2025 இறுதியில் உரிமம் பெறாத வளர்ப்பு நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்ற நிலை வந்தது. சென்னையில் இந்த விதிகளுக்குப் பயந்து சங்கிலி போடுபவர், ராமநாதபுரம் தாண்டியதும் அதைக் கழற்றி டிக்கியில் போட்டுவிடுகிறார். கிராமம்தானே, யார் கேட்கப் போறாங்க என்ற நினைப்பு.

பங்குனி ஆமையும் பொங்கல் லீவும்

மாரியூருக்கு எதிரே இருப்பது சாதாரணக் கடல் இல்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகளோடு, சுமார் 560 சதுர கிலோமீட்டர் பரப்பில், 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1989-இல் இந்தப் பகுதி உயிர்க்கோளக் காப்பகமும் ஆனது.

தமிழகக் கடற்கரைகளில் முட்டையிட வரும் ஆலிவ் ரிட்லி ஆமையை நம்ம மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் வரை அதன் காலம். இரவில் கரையேறி, மணலைத் தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டை இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சு வெளியே வர 45 முதல் 60 நாள் வரை ஆகும். அதுவரை காவல் கிடையாது. கரையில் அந்த முட்டைகளுக்குப் பெரிய எதிரி நாய்தான். மோப்பம் பிடித்து ஒரு கூட்டைத் தோண்ட அதற்கு ரொம்ப நேரம் ஆகாது. வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுவதற்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று.

காலண்டரைப் பாருங்க. பொங்கல் விடுமுறை ஜனவரி. பரீட்சை முடிந்து குடும்பங்கள் கிளம்புவது ஏப்ரல். விடுதி நிறையும் மாதங்களும் ஆமை வரும் மாதங்களும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. இரவுச் சாப்பாடு முடிந்து ‘டாமியை ஒரு ரவுண்டு கூட்டிட்டு வரேன்’ என்று கிளம்பும் நேரமும் ஆமை கரையேறும் நேரமும் ஒன்றுதான்.

வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தில் இந்த ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது. ஊர்வனவற்றின் முட்டையையோ கூட்டையோ சேதப்படுத்துவதையும் அந்தச் சட்டம் ‘வேட்டை’ என்றே வரையறுக்கிறது. முதல் அட்டவணை உயிரினம் என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். நாய் தோண்டியதற்காக உரிமையாளர் மேல் அப்படியே வழக்குப் பாயும் என்று சொல்ல முடியாது, சூழ்நிலையைப் பொறுத்தது அது. ஆனால் ‘நாய்க்கு என்ன தெரியும்’ என்று சொல்லித் தப்பிக்கும் இடமும் இது இல்லை. கயிற்றை அவிழ்த்தது மனுஷன்.

பறவைகள் கதையும் இதே மாதிரிதான். 2025 ஜூன் 5-இல் தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பரப்பு பெரும்பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் கரைப்பறவைகள் நீர் வற்றிய நேரத்தில்தான் இரை தேடும். அந்த நேரத்தில் நாய் துரத்த, பறவைக் கூட்டம் எழும்ப, அதைச் ‘செம ரீல்ஸ்’ என்று எடுத்துப் போடுகிறார்கள். ஒவ்வொரு முறை எழும்பும்போதும், திரும்பிப் போகும் பயணத்துக்காகச் சேர்த்து வைத்த கொழுப்பைத்தான் அந்தப் பறவை செலவழிக்கிறது.

அறைக்குள் நடப்பது

கடற்கரையை விடுங்க, விடுதிக்குள்ளேயே வருவோம். பக்கத்து அறைக்காரரைக் கடுப்பேற்றுவது எது? நாயை அறையில் பூட்டிவிட்டு, ஏசியைப் போட்டுவிட்டு, குடும்பமே ராமேஸ்வரம் கோயிலுக்குப் போய்விடுவது. கோயிலுக்குள் நாயை விடமாட்டார்கள் என்பது கிளம்பும்போதே தெரியும். பழக்கமில்லாத அறை, அடைத்த கதவு. அது பயத்தில் நாலு மணி நேரம் குரைக்கும், கதவைப் பிராண்டும். பக்கத்து அறையில் கைக்குழந்தையோடு வந்தவர் ரிசப்ஷனுக்குப் போன் மேல் போன் போடுவார். ரிசப்ஷனில் இருக்கும் பையன் என்ன செய்வான்? உரிமையாளரின் போன் கோயில் லாக்கரில் கிடக்கும்.

அப்புறம் சுத்தம் செய்பவர்கள். இந்த விவாதத்தில் யாரும் கேட்காத குரல் இவர்களுடையது. மெத்தை விரிப்பில் முடி, குளியல் துண்டால் துடைத்த ஈரக் கால், பால்கனி மூலையில் மலம். நாய்க்கு விடுதி வாங்கும் கூடுதல் கட்டணம் நிர்வாகத்துக்குப் போகிறது, கூடுதல் வேலை மட்டும் அறை கூட்டும் அக்காவுக்கு வருகிறது. நாய்க்குப் பயந்தவர்களும் அந்த வேலையில் இருப்பார்கள். உரிமையாளர் இல்லாத நேரத்தில் கதவைத் திறந்து உள்ளே போக வேண்டியது அவர்கள்தான்.

அடுத்து வரும் விருந்தினர் பாடு தனி. நாயின் தோலிலிருந்து உதிரும் நுண்துகள்கள், நாய் போன பிறகும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட மெத்தையிலும் திரைச்சீலையிலும் தங்கும். ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த அறையைக் கொடுத்தால் ராத்திரி தூக்கம் போச்சு. நாய்க்கென்று தனி அறைகளை ஒதுக்காமல், எந்த அறை காலியோ அதைக் கொடுக்கும் விடுதி நாய் பிரியர்களுக்கும் நல்லது செய்யவில்லை, மற்றவர்களுக்கும் செய்யவில்லை.

அப்படின்னா நாயே வேண்டாம்னு சொல்லிடலாமா?

அதுவும் சரிப்படாது. நாயை வீட்டில் யாரிடம் விட்டு வருவது என்பது இன்றைய தனிக்குடும்பங்களுக்கு நிஜமான சிக்கல். கட்டாயம் வெளியூர் போக வேண்டும், பார்த்துக்கொள்ள ஆளில்லை, காப்பகச் செலவு கட்டுப்படியாகாது என்றால் கூடக் கூட்டி வருவதுதான் வழி. நாயைத் தனியாகப் பூட்டிவிட்டு வருபவரைவிட, கூட்டி வருபவர் எவ்வளவோ மேல். முழுத் தடை போட்டால் சிலர் திருட்டுத்தனமாக அறைக்குள் கொண்டுவருவார்கள், அது இன்னும் மோசம்.

இங்கிலாந்தில் பல கடற்கரைகளில் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை, குறிப்பிட்ட பகுதிகளில் மட்டும் நாய்களுக்குத் தடை. மற்ற மாதங்களில் தாராளமாக வரலாம். அதாவது, நாய் வரலாமா கூடாதா என்று மொத்தமாகக் கேட்காமல், எந்த மாதம், எந்த இடம் என்று பிரிக்கிறார்கள். நம்ம ஊருக்கு மாதங்கள் வேறு. ஜனவரியில் தொடங்கி கடைசிக் கூட்டிலிருந்து குஞ்சு வெளியேறும் வரை, இருட்டிய பிறகு மணலில் நாய் கூடாது என்று மட்டும் வைத்தாலே பாதிப் பிரச்னை முடிந்துவிடும்.

இந்த மாவட்டத்திலேயே இதற்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. நீலக்கொடி சான்றிதழுக்காகத் தமிழக அரசு தேர்வு செய்த கடற்கரைகளில் உச்சிப்புளி அருகே உள்ள அரியமானும் ஒன்று. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை வழங்கும் சான்றிதழ் இது, மொத்தம் 33 நிபந்தனைகள். அதில் ஒன்று: நாய் உள்ளிட்ட வளர்ப்பு விலங்குகள் கடற்கரைக்கு வருவதைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும். பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய்க்கு மட்டும் விலக்கு. அரியமானில் இது நடைமுறைக்கு வந்தால், கயிறில்லாமல் நாயோடு வருபவர்கள் அடுத்து எங்கே போவார்கள்? காவலர் இல்லாத, போர்டு இல்லாத மாரியூர் மாதிரி கடற்கரைகளுக்குத்தான். ஊராட்சியும் வனத்துறையும் விடுதிகளும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

நாய்க்கே இது நல்லதா?

நாய் பிரியர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மதிய வெயிலில் மணல் சுட்டால் நாயின் பாதமும் வெந்துபோகும். உங்கள் உள்ளங்கையைச் சில நொடி மணலில் வைக்க முடியவில்லை என்றால், நாயும் நடக்க முடியாது. ஹஸ்கி போன்ற அடர்முடி நாய்களுக்கு ராமநாதபுரம் வெயில் உயிருக்கே ஆபத்து. கடல் தண்ணியைக் குடித்தால் வாந்தி, பேதி நிச்சயம்.

பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. வலையில் சிக்கும் பேத்தை மீனை மீனவர்கள் கரையில் வீசிவிடுவார்கள். உடம்பை ஊதிக்கொள்ளும் அந்த மீனின் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. கரையில் மோந்துகொண்டு திரியும் நாய் ஒன்றைக் கவ்வினால் கதை முடிந்தது. உள்ளூர் நாய்கள் அதைத் தொடாமல் பழகியிருக்கலாம். சென்னை ஃப்ளாட்டில் வளர்ந்த நாய்க்கு அது தெரியாது. கயிறு மற்றவர்களுக்காக மட்டும் இல்லை, உங்க நாய்க்காகவும்தான்.

மிச்ச பிரியாணியும் ஊர் நாய்களும்

முதலில் சொன்ன அந்த ஒரு விஷயம். 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில், தெருநாய்களுக்குக் கண்ட இடத்தில் உணவு வைக்கக் கூடாது, அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நாய் மேல் பாசம் உள்ள விருந்தினர்கள் பெரும்பாலும் செய்வது என்ன? மிச்ச பிரியாணியை மணலில் கொட்டி ஊர் நாய்களைக் கூப்பிடுவது. இரண்டு நாள் சோறு கிடைத்த பத்து நாய்கள் மூன்றாவது நாள் அதே இடத்தில் காத்திருக்கும். விருந்தினர் ஊருக்குப் போயிருப்பார். அடுத்த நாள் பையோடு வரும் குழந்தையைத்தான் அவை சுற்றி வளைக்கும், ராத்திரி பசித்தால் ஆமைக் கூட்டைத் தோண்டும். புதிதாக வரும் வீட்டு நாயைத் தங்கள் எல்லைக்குள் வந்ததாக நினைத்துப் பாய்வதும் இதே கூட்டம்தான். நடுவில் விலக்கப் போகிறவர்தான் கடி வாங்குவார்.

தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாகின. ரேபிஸால் 43 பேர் இறந்தார்கள். கடித்தது தடுப்பூசி போட்ட வளர்ப்பு நாய் என்றாலும், உரிமையாளர் ‘ஊசியெல்லாம் போட்டாச்சு, ஒண்ணும் ஆகாது’ என்று சொன்னாலும், லேசான கீறல்தான் என்றாலும், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். கடல் தண்ணி, மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள் ஊசிக்குப் பிறகு 3, 7, 28-வது நாட்களில் அடுத்தடுத்த தவணைகள். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும், டாக்டரிடம் கேளுங்க. சுற்றுலா வந்தவர்கள் முதல் ஊசியோடு ஊருக்குக் கிளம்பி, மிச்சத்தை மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் உங்க ஊர் அரசு மருத்துவமனையிலேயே மீதி ஊசிகளைப் போட்டுக்கொள்ளலாம்.